பெர்லினில் ஒரு வெள்ளிக்கிழமை: புதிதாக வரும் மாணவருக்குச் சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் ஒரு வழிகாட்டி

நான் பெர்லினில் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு. சாவியை வாங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி, அப்படியே படுத்துவிட்டேன். காலையில் பசியோடு கீழே இறங்கினால் தெருவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடை கிடையாது என்பதை விசாவுக்கு அலைந்த நாலு மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கும் குழாய்த் தண்ணீரும்தான்.

அதன்பிறகும் ஐந்தாறு வாரம் தடுமாறினேன். தவறான நேரத்தில் போய், தவறான பொருளை வாங்கி, தேவையில்லாமல் பணத்தை விட்டேன். இங்கே மாணவ விசாவுக்குக் காட்டும் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ போடுகிறோம். மாதத்துக்கு அதிலிருந்து கையில் வருவது 992 யூரோ. வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக, சாப்பாட்டில்தான் நாம் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே நாளில் ஒழுங்கு செய்ய முடியும், அந்த நாள் வெள்ளிக்கிழமை என்பது எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆனது. மதியம் மாணவர் உணவகம் உண்டு, மாலையில் கால்வாய்க்கரைச் சந்தை உண்டு, இரவு வரை மலிவு விலைக் கடைகள் உண்டு, எதையாவது மறந்தால் சனிக்கிழமை கையில் இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. ஊரில் பெட்டி கட்டும்போதே

சந்தை வேலை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பனீர், பால் பவுடர், உறைக்கு எடுத்துவரும் தயிர் எல்லாம் இதில் அடக்கம். கருவாடு மீன் கணக்கில் வரும், இறைச்சிக் கணக்கில் வராது. ஆனாலும் அதன் வாசனைக்கு உங்கள் துணிகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. பச்சைக் காய், பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து இந்த விதி இருக்கிறது. அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டூரியான், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆக, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவரும் கறிவேப்பிலை சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி இவற்றைக் கொண்டுவாருங்கள். பெட்டியில் எடை மிச்சமிருந்தால் பருப்பை விடப் பொடிக்கே இடம் கொடுங்கள். பருப்பு இங்கே கிடைக்கும், உங்கள் வீட்டுப் பொடி கிடைக்காது.

2. காலை: பையில் என்னென்ன இருக்க வேண்டும்

கிளம்பும் முன் மேசைமேல் பரப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர் அட்டை வேண்டும். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் பல்கலைக்கழகப் பதிவுச் சான்றிதழின் அச்சுப் பிரதி. கைப்பேசியில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், மாணவர் விலைக்கான சான்றைச் சில கவுன்டர்களில் தாளாகத்தான் கேட்பார்கள்.

செமஸ்டர் பயணச்சீட்டோடு புகைப்படம் உள்ள அடையாள ஆவணம் ஒன்று வேண்டும். அந்தச் சீட்டு உங்கள் பெயருக்கு மட்டுமே செல்லும் என்பதால் பரிசோதகர் இரண்டையும் சேர்த்துக் கேட்பார். முதல் வாரத்தில் பலர் மாட்டுவது இங்கேதான். சேர்க்கை உறுதியாகி செமஸ்டர் தொடங்கும் நாள் வரை அந்தச் சீட்டு செல்லாது. அதுவரை ஒற்றைச் சீட்டுதான் வாங்க வேண்டும். பெர்லின் நகர எல்லைக்குள் வரும் ஏ-பி மண்டலத்துக்குக் கிட்டத்தட்ட 4 யூரோ, இரண்டு மணி நேரம் ஒரே திசையில் செல்லும், திரும்பி வர அது உதவாது. காகிதச் சீட்டு என்றால் நடைமேடையில் நிற்கும் சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டும் இல்லாத சீட்டும் ஒன்றுதான். அபராதம் 60 யூரோ, அது ஒரு மாதக் காய்கறி.

ரொக்கமாக 30 யூரோ, அதில் சில்லறையாக ஏழெட்டு யூரோவாவது. சந்தையில் பெரும்பாலும் ரொக்கம்தான். ஊரிலிருந்து கொண்டுவரும் பயண அட்டையைச் சில சிறு கடைகளில் ஏற்க மாட்டார்கள். அங்கே 'ஈ-ட்ஸே கார்ட்டே' என்று சொன்னால் ஜெர்மன் வங்கி அட்டை மட்டும் என்று பொருள். பணம் எடுக்க வங்கி வளாகத்துக்குள் இருக்கும் ஏ.டி.எம்.முக்குப் போங்கள். கடை வாசலில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் ஒரு தடவைக்கு நாலைந்து யூரோ கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் 'ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் இயந்திரக்காரர் வைத்த மாற்று விலைதான் உங்கள் தலையில் விழும்.

இரண்டு துணிப் பைகள், ஒரு முதுகுப் பை. தள்ளுவண்டிக்கு ஒரு 1 யூரோ நாணயம். வண்டியைத் திரும்பக் கோத்தால் நாணயம் திரும்ப வரும். அப்புறம், வீட்டில் சேர்ந்திருக்கும் காலிப் பாட்டில்கள்.

3. காலிப் பாட்டில் காசு: ஃபாண்ட்

ஃபாண்ட் என்றால் முன்பணம். தண்ணீர், கோலா, பழச்சாறு என்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின் எது வாங்கினாலும் விலைக்கு மேல் 25 சென்ட் சேரும். அலமாரியில் ஒட்டிய விலையில் அது சேர்ந்திருக்காது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 39 சென்ட் தண்ணீருக்கு 64 சென்ட் கேட்கிறார்களே என்று முதல் நாள் நான் காசாளரிடம் வாக்குவாதம் செய்தேன். அவர் பொறுமையாக ரசீதில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். சூப்பர் மார்க்கெட் வாசலருகே வட்டத் துளை வைத்த இயந்திரம் இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, கடைசியில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டை அதே கடையின் காசாளரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். நான் ஒன்றைச் சட்டைப்பையில் மறந்து துவைத்துவிட்டேன், மூன்று யூரோ போனது.

பாட்டிலை நசுக்கக் கூடாது. பட்டைக் குறியீடு உள்ள தாளைக் கிழிக்கக் கூடாது. திரும்பத் திரும்ப நிரப்பும் பாட்டில்களுக்குத் தொகை வேறு, சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், மினரல் வாட்டர் பாட்டிலுக்கு 15 சென்ட். ஜாம் பாட்டிலும் ஒயின் பாட்டிலும் பெரும்பாலும் ஃபாண்ட் இல்லாதவை, அவை தெருவோரக் கண்ணாடித் தொட்டிக்குப் போக வேண்டும். வெளியே இருக்கும்போது பாட்டிலைச் சுமக்க முடியவில்லை என்றால் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். இந்த ஊரில் பாட்டில் பொறுக்கி வாழும் முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் தொட்டிக்குள் கையை விட வேண்டியிருக்காது.

தண்ணீர் பாட்டிலே வாங்காமல் இருந்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. பெர்லின் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 'ஷ்டில்' என்று எழுதியதைப் பாருங்கள். 'க்ளாஸிக்' என்றால் சோடா.

4. காலைப் பசிக்கு

பேக்கரியில் சாதாரண ரொட்டி உருண்டையை ஜெர்மனி முழுக்க ப்ரோட்ஷென் என்பார்கள், பெர்லின்காரர்கள் ஷ்ரிப்பே என்பார்கள். பேக்கரியை விட மலிவு விலைக் கடையின் ரொட்டி அலமாரியில் பாதி விலை. இரண்டு வாங்கினேன், 90 சென்ட். வீட்டில் வெண்ணெயும் மிளகுத்தூளும் இருந்தால் போதும். நிலையத்தில் காப்பியும் சாண்ட்விச்சும் வாங்கும் பழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள், தினமும் ஆறேழு யூரோ அதில் கரைந்துவிடும்.

5. மதியம்: மென்ஸா

மென்ஸா என்பது பல்கலைக்கழக மாணவர் உணவகம். பெர்லினில் அரசு ஆதரவோடு நடக்கும் மாணவர் சேவை அமைப்பு இவற்றை நடத்துகிறது. ஒவ்வொரு உணவுக்கும் மூன்று விலை எழுதியிருக்கும், மாணவருக்கு ஒன்று, பணியாளருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. அட்டை இல்லாமல் போனால் விருந்தினர் விலைதான், அது மாணவர் விலையைப் போல இரு மடங்குக்கும் போகும். அதனால் முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை அட்டை வாங்குவது. சில பல்கலைக்கழகங்களில் மாணவர் அட்டையே மென்ஸா அட்டையாக வேலை செய்யும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். பதிவுச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எடுத்துப் போங்கள். அட்டையில் முன்னதாகவே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். தட்டோடு வரிசையில் நின்று, காசாளர் முன்னால் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்.

நேரம்: பெரும்பாலும் காலை 11-லிருந்து பிற்பகல் 2.30 வரை. 12-லிருந்து 1 மணி வரை இடம் கிடைப்பது கடினம். 1.30-க்கு மேல் போனால் நல்ல உணவு தீர்ந்திருக்கும். 11.30 சரியான நேரம்.

தட்டில் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்பதை மறக்காதீர்கள். முதன்மை உணவு, சோறு அல்லது உருளைக்கிழங்கு, காய், சாலட், இனிப்பு எல்லாம் தனித்தனி. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து முதல் நாள் 7 யூரோ கொடுத்தேன். இப்போது முதன்மை உணவும் ஒரு பக்க உணவும் மட்டும், 3.40 யூரோ. வயிறு நிறைந்துவிடும். உப்பும் காரமும் குறைவாகத்தான் இருக்கும், ஒரு சின்ன டப்பாவில் பருப்புப் பொடி எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் தட்டைப் பார்த்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட கொரிய மாணவி இன்று என் நல்ல தோழி.

சைவக்காரர்களுக்கு பெர்லின் மென்ஸாக்கள் வசதி. 2021 முதல் இங்கே உணவுப் பட்டியலில் பெரும்பகுதி சைவமும் வீகனும்தான். வெளியே சாப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். பருப்பு சூப் என்று எழுதியிருந்தாலும் அதில் பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கலாம். 'ஷ்பெக்', 'ஷ்மால்ட்ஸ்' என்ற இரண்டு சொற்களும் பன்றிக் கொழுப்பைக் குறிப்பவை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் டோனர் (ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் துருக்கி உணவு) கடையில் 'ஹென்ஷென்' என்று கோழியைக் கேட்டு வாங்குங்கள். சும்மா டோனர் என்றால் பல கடைகளில் கன்று இறைச்சிதான் வரும். கடையில் கொத்திய இறைச்சி பொட்டலத்தில் 'கெமிஷ்ட்' என்று போட்டிருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. இதை அறியாமல் வாங்கிச் சமைத்து, பிறகு அழுத ஒரு நண்பனை எனக்குத் தெரியும்.

6. மாலை: மைபாக்ஊஃபர் சந்தை

இதுதான் நாளின் முக்கியமான கட்டம்.

நொய்கோல்ன் பகுதியில் லாண்ட்வேர் கால்வாயின் கரையோரமாக, செவ்வாயும் வெள்ளியும் காலை 11-லிருந்து மாலை 6.30 வரை நடக்கும் சந்தை. எல்லாரும் துருக்கிச் சந்தை என்றே சொல்வார்கள். யூ 8 சுரங்க ரயில் பாதையில் ஷோன்லைன்ஷ்ட்ராஸ நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. சனிக்கிழமை அதே இடத்தில் வேறு சந்தை நடக்கும், துணியும் கைவினைப் பொருள்களும்தான் அதிகம், அதை நம்பிக் காய் வாங்கப் போகாதீர்கள்.

எப்போது போவது? 4.45-க்குப் போய்ச் சேருங்கள். முதல் கால் மணி நேரம் எதையும் வாங்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடங்கள். ஒரே தக்காளி நுழைவாயிலில் ஒரு விலை, நடுவில் இன்னொரு விலை, கடைசியில் மூன்றாவது விலை. 5.30-க்கு மேல்தான் விலை இறங்கத் தொடங்கும். ஆறு மணிக்குக் கடைக்காரர்கள் 'ஐன் ஓய்ரோ, ஐன் ஓய்ரோ' என்று கூவுவார்கள். ஒரு யூரோ, ஒரு யூரோ என்று அர்த்தம். அதற்கும் பிறகு காத்திருந்தால் நல்ல கீரை எல்லாம் போயிருக்கும். கீரையும் மல்லியும் ஐந்து மணிக்கே, மற்ற காய் ஐந்தேமுக்காலுக்கு மேல் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

விலைப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். இங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 1,50 என்றால் ஒன்றரை யூரோ. 'கிலோ' என்றால் கிலோவுக்கு, 'ஷ்டூக்' என்றால் ஒன்றுக்கு, 'புண்ட்' என்றால் கட்டுக்கு, 'ஷாலே' என்றால் கிண்ணத்துக்கு. 'ஃபுண்ட்' என்றால் அரைக் கிலோ. வெண்டைக்காய் 2,50 என்று பெரிதாகப் போட்டுப் பக்கத்தில் ஃபுண்ட் என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். கிலோ 5 யூரோ ஆகிறது என்று அப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். கடைக்காரர் வேகமாகச் சொல்லும் தொகை புரியாமல் போகலாம், ஜெர்மனில் இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். தராசின் திரையைக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

காயை நீங்களே பொறுக்காதீர்கள். அழுத்திப் பார்ப்பது, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாம் இங்கே பெரும் குற்றம். விரலால் காட்டினால் போதும். பேரம் பேசுவதும் வழக்கமில்லை. ஆனால் 'இரண்டு கிண்ணம் எடுத்துக்கொள்கிறேன்' என்றால் மூன்றாவதைச் சில நேரம் அவரே போடுவார். கிண்ணத்துக்கு ஒரு யூரோ காயில் மேலே நன்றாகவும் அடியில் கனிந்ததும் இருக்கும். பைக்குள் கொட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள், கனிந்த தக்காளியை அன்றே தொக்காக்கிவிட வேண்டும்.

மல்லித்தழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டையான இலை வோக்கோசும் (பார்ஸ்லி) மல்லியும் கட்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் குவிந்திருக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். துருக்கி மொழியில் வோக்கோசு 'மய்தனோஸ்', மல்லி 'கிஷ்னிஷ்', புதினா 'நனெ'. இரண்டாம் வாரம் நான் மூன்று கட்டு வோக்கோசை மல்லி என்று நினைத்து வாங்கிவந்து ரசத்தில் போட்டேன். கொதி வந்ததும் அடுப்புக்கு முன்னால் குனிந்து மூச்சை இழுத்தால் மல்லி வாசனை வரவில்லை, பச்சைப் புல் வாசனை வந்தது. ஊரை விட்டு வந்ததிலிருந்து வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. அதனால் சொல்கிறேன், பெயரைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் அனுமதித்தால் இலை நுனியை விரலில் தேய்த்து முகர்ந்துவிடுங்கள். மல்லியின் மணம் உங்களுக்குத் தெரியாததா என்ன.

பச்சை மிளகாயிலும் இதே கதைதான். நீளமான இளம்பச்சை மிளகாய் குவியல் குவியலாக இருக்கும், பெரும்பாலும் காரமே இருக்காது, வதக்கிச் சாப்பிடுவதற்கானது. சின்னதைக் காட்டி 'ஷார்ஃப்?' என்று கேளுங்கள், காரமா என்று அர்த்தம். 'பாப்ரிக்கா' என்று எழுதியிருப்பது குடைமிளகாய்.

அன்று நான் வாங்கியது: கத்தரிக்காய் ஒரு கிண்ணம் 1, தக்காளி ஒரு கிண்ணம் 1, வெண்டைக்காய் அரைக் கிலோ 2.50, மல்லியும் புதினாவும் மூன்று கட்டு 2, மிளகாய் 1, வெங்காயம் இரண்டு கிலோ 2. ஆக 9.50 யூரோ. இரண்டு பேருக்கு ஐந்து நாள் வந்தது.

கூட்டம் நெரியும் சந்தை என்பதால் பணப்பையை முதுகுப் பையில் வைக்காதீர்கள். முன்பக்கச் சட்டைப்பையில் அன்றைய ரொக்கம் மட்டும் போதும்.

7. கறிவேப்பிலைக்கும் துவரம் பருப்புக்கும்

துருக்கிக் கடைகளில் சிவப்பு மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, ரவைக்குப் பதிலாகும் மென்மையான புல்குர் எல்லாம் மலிவு. புல்குரில் உப்புமா நன்றாக வரும். ஆனால் துவரம் பருப்பு, உளுந்து, புழுங்கல் அரிசி, பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றுக்கு இந்தியக் கடை அல்லது இலங்கைத் தமிழர் நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை போனால் போதும். கறிவேப்பிலை வரும் நாள் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் போகும் கடையில் கல்லாவில் இருக்கும் அக்கா, 'கறிவேப்பிலை முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். வாங்கியதை உருவிக் கழுவித் துடைத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் இரண்டு மாதம் தாங்கும்.

8. இரவு ஏழு மணி: மலிவு விலைக் கடை

ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ ஆகியவை மலிவு வகை. ரேவேயும் எடேகாவும் கொஞ்சம் விலை கூட, பொருள் வகைகளும் கூட. பெர்லினில் பல கடைகள் இரவு 10 வரை திறந்திருக்கும். மியூனிக் பக்கம் பயணம் போனால் இதை நம்பாதீர்கள், அங்கே 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

அலமாரித் தாளில் பெரிய எண்ணைப் பார்க்காமல், கீழே இருக்கும் கிலோ அல்லது லிட்டர் விலையைப் பாருங்கள். பொட்டல அளவு மாறிக்கொண்டே இருக்கும், ஒப்பிட வேறு வழியில்லை. சில கடைகளில் பெரிய சிவப்பு விலை அவர்களுடைய செயலி வைத்திருப்பவருக்கு மட்டும். செயலி இல்லாமல் கல்லாவுக்குப் போனால் முழு விலைதான்.

தேதியிலும் இரண்டு வகை உண்டு. 'மிண்டெஸ்டன்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்றால் அந்தத் தேதிவரை தரம் குறையாது என்பதுதான், தாண்டினாலும் முகர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். 'ட்ஸு ஃபெர்பிராவ்ஹென் பிஸ்' என்றால் அதற்குப் பிறகு தொடாதீர்கள், கொத்திய இறைச்சியில் இதுதான் இருக்கும். தேதி நெருங்கிய பொருளில் 30 சதவீதத் தள்ளுபடி ஒட்டியிருப்பார்கள், முதல் வகைத் தேதி என்றால் தயங்காமல் எடுங்கள்.

முட்டையின் மேல் அச்சிட்ட எண்ணில் முதல் இலக்கம் கோழி வளர்ந்த விதம்: 0 இயற்கை முறை, 1 வெளியே மேய்ந்தது, 2 கொட்டகைத் தரை, 3 கூண்டு. தயிருக்கு 'நட்டூர்யோகுர்ட்' என்று எழுதிய அரைக் கிலோ டப்பா. 3.5 சதவீதக் கொழுப்புள்ளதை எடுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றினால் நம் தயிர் கிடைத்துவிடும், பிறகு டப்பா வாங்கும் தேவை குறையும்.

சில பெரிய கடைகளில் காய்கறியை நீங்களே எடை போட்டு, எண்ணை அழுத்தி, தாளை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டாமல் போனால் கல்லாவிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள்.

கல்லாவில் வேகம் அதிகம். பொருளைப் பட்டையில் வைத்ததும் பின்னால் இருப்பவருக்காகப் பிரிப்புக் கட்டையை வையுங்கள். காசாளர் தள்ளிவிடும் பொருளை நின்று அடுக்காமல் வண்டியிலேயே போட்டு, பணம் கொடுத்துவிட்டு, சன்னலோர மேடையில் நிதானமாகப் பையில் அடுக்குங்கள். ஃபாண்ட் சீட்டை முதலிலேயே நீட்டிவிடுங்கள்.

அன்றைய கணக்கு: பால் இரண்டு லிட்டர், தயிர் இரண்டு டப்பா, முட்டை பத்து, அரிசி ஒரு கிலோ, மசூர்ப் பருப்பு, ரொட்டி, வாழைப்பழம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 14.50. பதினொரு பாட்டிலுக்கு 2.75 கழிந்தது, கொடுத்தது 11.75. காலை ரொட்டி, மென்ஸா, சந்தை எல்லாம் கூட்டினால் நாள் செலவு 25.55 யூரோ.

9. ஏதாவது மறந்துவிட்டால்

சனிக்கிழமை காலையிலேயே போங்கள். மாலையில் நகரம் முழுக்க வரிசையில் நிற்கும். பொது விடுமுறை நாள்களும் ஞாயிறு மாதிரியேதான். ஈஸ்டர் நேரத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் மூடல், நடுவில் சனி மட்டும். வந்திறங்கிய வாரமே பெர்லின் விடுமுறைப் பட்டியலைக் கைப்பேசி நாள்காட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று வேறு வழியே இல்லை என்றால் பெர்லின் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். கூட்டம் பயங்கரமாக இருக்கும். தெருமுனை ஷ்பேட்டி கடைகளில் பாலும் நூடுல்ஸும் கிடைக்கும், விலை ஒன்றரை மடங்காவது இருக்கும். விமானம் சனி இரவு இறங்குகிறது என்றால் ஊரிலிருந்தே இரண்டு வேளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொள்ளுங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

களைப்பாக இருக்கும், ஆனாலும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மல்லியின் வேரை வெட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து, சமையலறைத் தாளில் சுற்றி டப்பாவில் வையுங்கள், ஆறு நாள் வாடாது. கனிந்த தக்காளியைத் தனியே எடுத்து அன்றிரவே வதக்குங்கள். பகிர்ந்து வாழும் வீட்டில் குளிர்பெட்டியில் உங்களுக்கு ஒரு தட்டுதான். பால் டப்பாவில் பெயர் எழுதுங்கள், அது இங்கே யாருக்கும் தவறாகப் படாது. பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் சமையலறைக் கதவை மூடி சன்னலைத் திறந்துவிடுங்கள். கடுகு வெடித்த புகையில் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, இரவு ஒன்பது மணிக்கு மூன்று மாடி ஆள்களும் வாசலுக்கு வந்தது எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

கடைசியாக, காலியான பாட்டில்களுக்கு ஒரு பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது கை தானாக அதை எடுக்கும்.